கோடை வருது, கூட்ட நோட்டுல எழுதுவோம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவும் மகளிர் தின விழாவும் சேர்ந்து நடந்தபோது உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "வரும் கோடை நம்ம பள்ளத்தாக்குக்கு எப்படி இருக்கும், நம்ம குழுக்கள் என்ன செய்யணும்" என்பது. நான் பத்தாவது வரைக்கும் படிச்ச வீட்டுப் பெண். வேளாண்மைத் துறை பயிற்சிக்குப் போனதுல இருந்து வானிலை அறிக்கையை விடாம பார்க்குறேன். வீட்டு மாடியில ஒரு டப்பா வச்சு மழையை அளந்து நோட்டுல எழுதுறேன். அதுல தெரிஞ்சுகிட்டதைத்தான் சொல்லப் போறேன்.

சேமிப்பு, கடன், தவணை பேசுற கூட்டத்துல வானிலைக்கு என்ன வேலைன்னு சிலருக்குத் தோணலாம். நம்ம உறுப்பினர்கள் வாங்குன கடன் எல்லாம் எங்க கிடக்குதுன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. ஒருத்தர் குத்தகை நிலத்துல வாழை போட்டிருக்காங்க. ஒருத்தர் இலவம் மரத்தை மொத்தமா ஏலம் பிடிச்சிருக்காங்க. ஒருத்தர் ஆடு வாங்கியிருக்காங்க. ஒருத்தர் அப்பளம் போட்டு வெயில்ல காய வைக்கிறாங்க. இன்னும் பாதிப் பேர் தினமும் ஜீப் ஏறி மலைக்கு மேல ஏலத்தோட்ட வேலைக்குப் போறாங்க. அத்தனை கடனும் வானத்துக்குக் கீழேதான் கிடக்குது. வங்கிப் பாஸ்புத்தகத்தைப் புரட்டுற மாதிரி வானத்தையும் நாம புரட்டிப் பார்க்கணும்.

முதல்ல நம்ம ஊர் அமைப்பைச் சொல்லிடுறேன். ஏன்னா சென்னைக்குச் சொல்ற கோடையும் தேனிக்குச் சொல்ற கோடையும் ஒண்ணு இல்லை. நமக்கு மேற்கே குமுளி, போடிமெட்டு மலை. கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலை. வடக்கே பெரியகுளத்துக்கு மேல கொடைக்கானல் மலை. நடுவுல முல்லையாறு, கொட்டகுடி ஆறு, வைகை. ரெண்டு சுவருக்கு நடுவுல இருக்கும் வீதி மாதிரிதான் நம்ம கம்பம் பள்ளத்தாக்கு.

இதுனால ரெண்டு விஷயம் நடக்குது. ஜூன் மாசம் தொடங்குற தென்மேற்குப் பருவமழை, மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம், கேரளா இடுக்கியிலதான் கொட்டுது. நமக்கு வர்றது சாரலும் காத்தும்தான். மலை மறைச்ச பூமி நம்ம பூமி. ஆனா அங்க பெய்யுற மழைதான் பெரியாறு அணையில தேங்கி, லோயர் கேம்ப் வழியா முல்லையாத்துல நமக்குத் தண்ணியா வருது. அதனால நம்ம ஆத்துத் தண்ணி ஒரு வானத்துல இருந்து வருது, நம்ம கூரை மேல விழுற மழை இன்னொரு வானத்துல இருந்து வருது. கோடையில மானாவாரிக் காட்டையும், போர்த் தண்ணியையும், ஆட்டுக்குப் புல்லையும் காப்பாத்துறது ஏப்ரல், மே மாசத்துல சாயங்காலம் இடியோட வர்ற கோடை மழை. வானிலைச் செய்தி கேட்கும்போது எந்த வானத்தைப் பத்திச் சொல்றாங்கன்னு பிரிச்சுப் பார்க்கணும்.

இன்னொரு விஷயம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினா ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும். சின்னமனூர்ல வேர்த்துக் கொட்டும்போது மேகமலையில போர்வை கேட்கும். செய்தியில மாவட்டத்துக்கு ஒரு அளவு சொன்னா அது மலைக்கும் கீழுக்கும் ஒண்ணு இல்லை. அந்த அளவையும் நிழல்ல, காத்தோட்டமான பெட்டிக்குள்ள வச்சு எடுக்குறாங்க. 38 டிகிரின்னு சொன்னா வெயில்ல களை எடுக்குற நமக்கும், தகரக் கூரைக்குக் கீழ அடுப்பு முன்னாடி நிக்கிற நமக்கும் அதை விட அதிகம்தான்.

இனி கோடை முன்னறிவிப்புக்கு வர்றேன். இந்திய வானிலை ஆய்வு மையம் பிப்ரவரி கடைசியில மார்ச் முதல் மே வரைக்கும் உள்ள கோடை எப்படி இருக்கும்னு ஒரு முன்னறிவிப்பு வெளியிடும். அப்புறம் ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் அடுத்த மாசத்துக்குச் சொல்லும். அதுல "இயல்பை விட அதிகமாக இருக்க வாய்ப்பு", "இயல்பை ஒட்டி இருக்க வாய்ப்பு", "இயல்பை விடக் குறைவாக இருக்க வாய்ப்பு" அப்படின்னு மூணு விதமாத்தான் வரும்.

இதை நம்ம சீட்டுக் குலுக்கலை வச்சுப் புரிஞ்சுக்கலாம். பல வருஷத்துக் கோடையை எடுத்து, குறைஞ்ச வெயில்ல இருந்து கூடின வெயில் வரைக்கும் வரிசையா அடுக்கி மூணு சம பங்காப் பிரிக்கிறாங்க. சாதாரணமா மூணு பங்குக்கும் டப்பாவுல ஒரே அளவு சீட்டு இருக்கும். கடல் சூடு, காத்து இதையெல்லாம் பார்த்து "இந்த வருஷம் கூடின வெயில் சீட்டு டப்பாவுல அதிகம் போட்டிருக்கு" அப்படின்னு சொல்றதுதான் முன்னறிவிப்பு. அதிகம் இருக்குற சீட்டு வர வாய்ப்பு கூட. ஆனா மத்த சீட்டும் டப்பாவுலதான் கிடக்குது.

2025-ஐ நினைச்சுப் பாருங்க. ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் நாட்டுல பெரும்பாலான பகுதியில வெயில் இயல்பை விடக் கூட இருக்கும்னு சொன்னாங்க. ஆனா மே மாசத்துல மழை பிடிச்சுக்கிச்சு. நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தா 1901-ல இருந்து எந்த மே மாசத்துலயும் பெய்யாத அளவு மழை. அதுக்காக "வானிலைக்காரங்க சொன்னது பொய்"ன்னு தள்ளிடக் கூடாது. பிப்ரவரியில சொன்னதையே மே மாசம் வரைக்கும் பிடிச்சுத் தொங்கக் கூடாதுங்கிறதுதான் அதுல இருக்குற பாடம். மூணு மாசக் கணக்கு, மாசக் கணக்கு, வாரக் கணக்கு, அன்னன்னைக்குக் கணக்குன்னு நாள் நெருங்க நெருங்கச் சலிச்சுக்கிட்டே வரணும். பெரிய கண் சல்லடையில சலிச்ச மாவை அப்படியே இடியாப்பத்துக்குப் பிழிய முடியாது இல்லையா, அது மாதிரி.

எந்த வருஷமா இருந்தாலும் நம்ம பள்ளத்தாக்குல கோடைக்கு ஒரு வரிசை இருக்கு.

மார்ச் மாசம் காய்ச்சல் மாசம். மழை கம்மி, காத்து வறட்சி, மலைப் புல் எல்லாம் காய்ஞ்சு சருகாக் கிடக்கும். இந்த மாசத்து ஆபத்து தீ. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில நடந்ததை நம்ம மாவட்டம் மறக்க முடியாது. மலையேற வந்த சின்ன வயசுப் பிள்ளைகள் 20 பேருக்கு மேல காட்டுத் தீயில போயிட்டாங்க. அதுல பெண் பிள்ளைகள் நிறைய. மலை மேல தீ, ஆள் ஓடுறதை விட வேகமா ஏறும். சூடான காத்து மேல போற பக்கமே தீயும் போகும். அதனால விறகுக்கு, தேனுக்கு, ஆடு மேய்க்க மலையடிவாரம் போறவங்க மார்ச், ஏப்ரல்ல அடுப்பு மூட்டவே கூடாது. புதுப் புல் தழையும்னு காய்ஞ்ச புல்லுக்குத் தீ வைக்கிற பழக்கத்தை நம்ம வீட்டு ஆம்பளைங்ககிட்ட நாமதான் சொல்லி நிறுத்தணும். புகை கண்டா உடனே வனத்துறைக்குச் சொல்லணும்.

ஏப்ரல் மாசம் வெக்கையும் சூறைக்காத்தும் சேர்ந்த மாசம். காலையில வானம் சுத்தமா இருக்கும். பதினோரு மணிக்கு மேல மலைச் சரிவு சூடேறி, அங்க இருக்குற காத்து மேல கிளம்பும். ஈரக் காத்தும் சேர்ந்தா ரெண்டு மணிக்கு மலை உச்சியில பஞ்சுப் பொதி மாதிரி மேகம் நிக்கும். அது கறுத்து மேல மேல வளர்ந்தா சாயங்காலம் இடி, மின்னல், காத்து, மழை. மழைக்கு முன்னாடி ஒரு குளிர்ந்த காத்து மேகத்துல இருந்து கீழே இறங்கி அடிக்கும். வாழையைச் சாய்க்கிறது பெரும்பாலும் அந்தக் காத்துதான். இலவங்காய் வெடிச்சுப் பஞ்சு எடுக்குற சமயமும் இதுதான். ஒரு மழை நனைச்சா பஞ்சு நிறம் மாறிடும், விலை போகாது.

மே மாசம் வீரபாண்டி சித்திரைத் திருவிழா, அக்கினி நட்சத்திரம். மே 4 வாக்குல தொடங்கி 28 வாக்குல முடியும்னு பஞ்சாங்கம் சொல்லும். வானிலை மையம் அந்தக் கணக்கை வச்சுக்கிறது இல்லை. சில வருஷம் கடும் வெயில் ஏப்ரல்லயே வந்து போயிடும், சில வருஷம் மே கடைசி வரைக்கும் இழுக்கும். தேதியை நம்புறதை விட அந்த வாரத்து அறிக்கையை நம்புறது நல்லது.

வார அறிக்கை எங்க கிடைக்கும்? விவசாயத்துக்கான வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் வருது. "மேகதூத்" செயலியில நம்ம மாவட்டத்தைப் போட்டா தமிழ்லயே படிக்கலாம். இடி மின்னலுக்கு "தாமினி", தமிழக அரசோட "டிஎன் அலர்ட்" இருக்கு. நம்ம கையில பட்டன் போன் இருந்தாலும் வீட்டுல பிள்ளைகிட்ட ஒரு டச் போன் இருக்கும். விளையாட்டுப் பார்க்குற போன்ல ரெண்டு நிமிஷம் நமக்காகப் பார்க்கச் சொல்லுங்க.

அறிக்கையில வர்ற வார்த்தைக்கு அளவு இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கணும். "ஓரிரு இடங்களில் மழை"ன்னா, நூறு மழைமானி இருந்தா 25-க்குள்ள இருக்கிறதுலதான் மழை பதிவாகும்னு அர்த்தம். "சில இடங்களில்"னா 50-க்குள்ள. நம்ம கோடை மழை பெரும்பாலும் ஓரிரு இடம்தான். போன வருஷம் ஏப்ரல்ல ஒரு நாள் எங்க மாடி டப்பாவுல 38 மில்லி மீட்டர் மழை. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி எங்க அம்மா வீட்டுத் தெருவுல புழுதி கூட அடங்கலை. அறிக்கை ரெண்டு பேருக்கும் சரிதான். மழை வரும்னு நம்பி தண்ணி பாய்ச்சாம விட்டுடவும் கூடாது, வராதுன்னு நினைச்சுப் பஞ்சை வெளியில போட்டு வைக்கவும் கூடாது.

கனமழைன்னா ஒரே நாள்ல 7 முதல் 11 சென்டிமீட்டர். மிக கனமழைன்னா 12 முதல் 20. அதுக்கும் மேல அதி கனமழை. நிறத்துல பச்சைன்னா எச்சரிக்கை இல்லை. மஞ்சள்னா கவனிச்சுக்கிட்டே இரு. ஆரஞ்சுன்னா தயாராகு. சிவப்புன்னா உடனே செய்ய வேண்டியதைச் செய். சிவப்பு வந்த பிறகு கம்பு தேடுறதுல பிரயோஜனம் இல்லை, மஞ்சள்லயே எழுந்திரிக்கணும்.

மழை அளக்குறது நாமளே செய்யலாம். அடியும் வாயும் ஒரே அகலமா இருக்குற டப்பா, ஒரு ஸ்கேல், அவ்வளவுதான். ஒரு மில்லி மீட்டர்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணி. 400 சதுர அடி கூரையில 20 மில்லி மீட்டர் பெய்ஞ்சா 700 லிட்டருக்கு மேல. கோடையில நாலு நாளைக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணி வர்ற ஊர்ல அந்த 700 லிட்டரை ஓடையில விடலாமா? ஒரு குழாயும் டிரம்மும் போதும். குடிக்க வேண்டாம், ஆட்டுக்கும் பாத்திரத்துக்கும் ஆகும்.

இப்ப எங்க குழுவுல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லணும். எங்க குழுவுல ஒரு அக்கா 40,000 ரூபாய் உள்கடன் வாங்கி, குத்தகைக்கு நிலம் பிடிச்சு வாழை போட்டாங்க. வீட்டுக்காரர் இல்லை, ஒரே பையன். தார் முத்தி, வியாபாரி வந்து விலை பேசிட்டுப் போயிட்டார். இன்னும் பத்து நாள்ல வெட்டுன்னு இருந்தப்ப ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் காத்து அடிச்சுச்சு. பாதி மரம் தாரோட படுத்துக்கிச்சு. அன்னைக்குக் காலையிலயே மலையோரத்துக்குச் சூறைக்காத்து எச்சரிக்கை வந்திருந்தது. பையன் போன்லயே வந்திருந்தது. அதைப் படிச்சுச் சொல்லணும்னு அவனுக்கும் தோணலை, கேட்கணும்னு அக்காவுக்கும் யாரும் சொல்லித் தரலை.

அடுத்த கூட்டத்துல பேச்சு சூடாயிடுச்சு. "தவணை தவறுனா வங்கியில நம்ம குழுவோட பேர் கெடும், அடுத்த கடன் கிடைக்காது"ன்னு ஒரு பக்கம். அது உண்மைதான். "எங்க வீட்டுலயும் கஷ்டம்தான், நாங்க கட்டலையா"ன்னு இன்னொரு பக்கம். அதுவும் உண்மைதான். அக்கா ஒரு வார்த்தை பேசலை, தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வெளியில கந்து வட்டிக்கு வாங்கியாவது கட்டிடுறேன்னு கடைசியில சொன்னப்பதான் எல்லாருக்கும் சுருக்குன்னுச்சு. வட்டிக்கடைக்குப் போகாம இருக்கத்தானே குழு ஆரம்பிச்சோம்? அன்னைக்கே தீர்மானம் போட்டோம். நாலு மாசத்துக்கு அசல் வேண்டாம், வட்டி மட்டும் கட்டட்டும். விழுந்த தாரைக் காய்க்கடைகளுக்கும் வறுவல் போடுறவங்களுக்கும் கொடுத்து வந்தது வரட்டும்னு எல்லாரும் கூடி வெட்டி ஏத்திவிட்டோம். ஆறு மாசம் தள்ளி மொத்தமும் அடைச்சுட்டாங்க. இப்ப இந்தக் கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்காங்க.

அதுக்கு அடுத்த வருஷம் வாழைக்குக் கடன் கேட்டவங்களுக்கு ஒரு விதி வச்சோம். கடன் தொகையிலயே முட்டுக் கொடுக்கக் கம்புக்கும் கயித்துக்கும் பணம் சேர்த்துக் கேட்கணும், மார்ச் கடைசிக்குள்ள முட்டுக் கொடுத்ததை ரெண்டு உறுப்பினர் நேர்ல போய்ப் பார்க்கணும். பயிர்க் காப்பீடு கடைசித் தேதியைத் தோட்டக்கலை அலுவலகத்துல கேட்டு நோட்டுல எழுதிடணும். தோட்டக்கலைப் பயிருக்கு நாம கட்டுறது காப்பீட்டுத் தொகையில 5 சதவீதம் வரைக்கும்தான். எந்தக் காத்தையும் நாம நிறுத்த முடியாது. காத்து வர்ற மாசம் தெரிஞ்சிருந்தும் கம்பு இல்லாம நிக்கிறதை நிறுத்தலாம்.

மலைக்கு மேல வேலைக்குப் போற தங்கச்சிகளுக்கும் இந்த முன்னறிவிப்பு வேணும். ஏலச்செடிக்குக் கோடை மழை வேணும். 2024 கோடையில இடுக்கிப் பக்கம் மழை இல்லாம ஏலச்செடி நிறையக் கருகிப் போச்சு. செடி கருகினா வேலை நாள் குறையும், ஜீப் வராது, வாரக் கூலி நிக்கும். அதனால மேல மழை குறையும்னு முன்னறிவிப்பு வந்தா, "ஜூலையில கையில காசு இருக்காது"ன்னு அதுக்கு அர்த்தம். பள்ளிக்கூடம் திறக்குற ஜூன் மாசச் செலவை முன்கூட்டியே யோசிக்கணும்.

அடுத்து நம்ம உடம்பு. சமவெளியில 40 டிகிரி, மலையில 30 டிகிரியாவது தொட்டு, இயல்பை விட நாலரை டிகிரி கூடினாத்தான் வெப்ப அலைன்னு சொல்வாங்க. நம்ம பள்ளத்தாக்குல 40 தொடாத நாள்தான் அதிகம். அதனால அறிவிப்பு இல்லையேன்னு இருந்துடக் கூடாது. ஒரு மழை பெய்ஞ்ச மறுநாள் வெயில் கொஞ்சம் குறைஞ்சிருந்தாலும் காத்துல ஈரம் கூடி வேர்வை காயாது. வேர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும். அந்தப் புழுக்கமும் ஆபத்துதான்.

இதுல பொம்பளைங்களுக்குன்னே ஒரு கஷ்டம் இருக்கு, மேடையில சொல்றதுக்குக் கூச்சப்படலை. வேலை செய்ற இடத்துல ஒதுங்க இடம் இல்லைன்னு காலையில இருந்து தண்ணியே குடிக்காம இருக்கோம். ஜீப்புல போறவங்க, நூறு நாள் வேலைக்குப் போறவங்க, நடவுக்குப் போறவங்க எல்லாரும் இப்படித்தான். அப்புறம் நீர்க்கடுப்பு, தலைவலி, மயக்கம். கோடையில தண்ணி குடிக்காம இருக்குறது உடம்புக்குள்ள கடன் வாங்குற மாதிரி. ஒதுங்க ஒரு மறைப்புக் கட்டித் தாங்கன்னு வேலை இடத்துல ஒருத்தியாக் கேட்டா சிரிப்பாங்க. குழுவாக் கேட்டா செய்வாங்க. வேலையை விடியக்காலம் தொடங்கி பதினோரு மணிக்கு முடிக்கவும் குழுவாத்தான் கேட்கணும்.

வெயில்ல ஒருத்தருக்கு உடம்பு நெருப்பாச் சுட்டு, பேச்சு குழறி, நினைவு தப்பினா அது சாதாரண மயக்கம் இல்லை. 108-க்குப் போன் போடுங்க. வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காம நிழல்ல படுக்க வச்சு, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. நினைவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தக் கூடாது, புரையேறிடும். தமிழ்நாடு அரசு 2024-ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சிருக்கு. இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம்னும் சொல்லியிருக்கு. அந்தப் பணம் யார் வீட்டுக்கும் வர வேண்டாம்னுதான் இவ்வளவும் சொல்றேன். ஆனா விவரம் தெரிஞ்சிருக்கணும்.

இடி இடிச்சா புளியமரத்தடிக்கும் தென்னை மரத்தடிக்கும் ஓடக் கூடாது. மின்னலைப் பார்த்து 30 எண்ணுறதுக்குள்ள இடிச் சத்தம் கேட்டா ஆபத்து பக்கத்துல இருக்கு, கட்டடத்துக்குள்ள போயிடணும். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் வெளியில வரணும். ஆட்டை மரத்துல கட்டாதீங்க, கம்பி வேலிப் பக்கமும் கட்டாதீங்க.

ஆத்துல துணி துவைக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நம்ம தலைக்கு மேல வெயில் அடிக்கும், மேல மலையில மழை கொட்டும். ஓடையில தண்ணி திடீர்னு கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தா வாளியை விட்டுட்டுக் கரை ஏறிடணும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்துல அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளிப் பையனைக் கொண்டு போயிடுச்சு. கோடை விடுமுறைன்னு சுருளிக்கும் கும்பக்கரைக்கும் போற பிள்ளைகளுக்கு, வனத்துறை குளிக்க வேண்டாம்னு சொன்னா அது வேண்டாம்தான்னு சொல்லி அனுப்புங்க.

மே பாதியில இருந்து நம்ம கண் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் திரும்பணும். கேரளாவுல பருவமழை தொடங்குற சராசரித் தேதி ஜூன் 1. மே 15 வாக்குல வானிலை மையம் ஒரு தேதி சொல்லும், நாலு நாள் முன்ன பின்ன இருக்கலாம்னும் சொல்லும். 2023-ல ஜூன் 8 தொடங்குச்சு, 2024-ல மே 30, 2025-ல மே 24. மூணு வருஷமும் அவங்க சொன்ன எல்லைக்குள்ளதான் வந்தது. மூணு மாசத்துக்கு முன்னாடி சொல்றதை விட ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சொல்றதுக்கு உறுதி கூடங்கிறதுக்கு இதுவே சாட்சி. நம்ம பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு ஜூன் முதல் வாரம் தண்ணி திறக்கிறது வழக்கம். அணையில தண்ணியும் இருந்து, மழையும் நேரத்துல தொடங்கினா நாற்றங்காலுக்கு நம்பி இறங்கலாம். அணை வத்திக் கிடக்கும்போது விதைநெல்லுக்குக் கடன் கேட்டு வந்தா, "ரெண்டு வாரம் பொறுங்க"ன்னு சொல்றதுதான் அந்தக் குடும்பத்துக்கு நல்லது.

கடைசியா, நம்ம கூட்டமைப்புக்கு நாலு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு, மார்ச் முதல் ஜூன் வரைக்கும் ஒவ்வொரு குழுக் கூட்டத்துலயும் சேமிப்பு வாங்குறதுக்கு முன்னாடி அந்த வாரத்து வானிலை அறிக்கையைப் படிச்சு, தீர்மான நோட்டுல ஒரு வரி எழுதணும். படிக்கத் தெரிஞ்சவங்க படிக்கட்டும், மத்தவங்க கேட்கட்டும்.

ரெண்டு, ஊருக்கு ஒரு சகோதரி மழை அளந்து எழுதணும். டப்பாவும் ஸ்கேலும்தான் செலவு. பத்து ஊர் நோட்டை ஒண்ணா வச்சுப் பார்த்தா எந்தப் பக்கம் காய்ஞ்சிருக்கு, எந்தப் பக்கம் நனைஞ்சிருக்குன்னு கூட்டமைப்புக்குத் தெரியும்.

மூணு, ஏப்ரல், மே மாசத்துக்குன்னு ஒவ்வொரு குழுவும் உள்கடன்ல ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி வைக்கணும். காத்துல கூரை போனாலும், வெயில்ல விழுந்து ஆஸ்பத்திரி போனாலும் அன்னைக்கே எடுத்துக் கொடுக்க. புதுக் கடன் கொடுக்கும்போது தவணையை அறுவடைக்குத் தகுந்த மாதிரி வைக்கணும், எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டாம்.

நாலு, மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த ரெண்டு எண்ணையும் ஒவ்வொரு உறுப்பினர் பாஸ்புத்தகத்தோட முதல் பக்கத்துலயும் எழுதணும். எழுதாதவங்க இன்னைக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி எழுதிடுங்க.

நம்ம அப்பத்தா, அம்மாச்சி காலத்துல எறும்பு முட்டை தூக்குறதைப் பார்த்தும், தட்டான் தாழப் பறக்குறதைப் பார்த்தும் வானத்தைக் கவனிச்சாங்க. கவனிக்கிற பழக்கம் அவங்ககிட்ட இருந்து நமக்கு வந்ததுதான். இப்ப நமக்கு அதோட அறிக்கையும் அளவும் சேர்ந்து கிடைச்சிருக்கு. சேமிப்புக் கணக்கு எழுதக் கத்துக்கிட்ட நமக்கு மழைக் கணக்கு எழுதுறது பெரிசு இல்லை.